யார்க் தேவாலயத்துத் தந்தக் கொம்பு: ஊதுவதற்கா, அழகுக்கா?

மாடிப்படி:
இங்கிலாந்தில் யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தில் 'உல்ஃபின் கொம்பு' என்று யானைத் தந்தத்தில் செய்த ஒரு பெரிய ஊதுகொம்பு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு வேலையாம். அகன்ற வாயைச் சுற்றி ஒரு பட்டை, அதில் கழுகுத் தலையும் சிங்க உடலுமாக ஒரு கிரிஃபின், கூடவே நெற்றியில் ஒற்றைக் கொம்போடு ஒரு மிருகம். இவ்வளவு நீளத் தந்தத்தை உள்ளே எப்படிக் குடைந்தார்கள்? அப்புறம், தேவாலயத்துக்கு வேட்டைக்கொம்பு எதற்கு?

உளிச்சத்தம்:
முழுவதையும் குடைய வேண்டாம். தந்தத்தின் அடிப்பக்கம், அதாவது மண்டைக்குள் புதைந்திருக்கும் பக்கம், இயற்கையிலேயே பொள்ளல். உயிரோடு இருக்கும்போது அங்கே சதையும் நரம்பும் இருக்கும். நுனிப்பக்கம்தான் கெட்டி, அதில் துளை போட்டால் ஊதும் வாய் தயார். சிலை செதுக்குகிறவர்களுக்கு அந்தக் கெட்டிப் பகுதிதான் வேண்டும்.

பழையபத்திரம்:
எதற்கு என்றால், நிலப் பத்திரம் மாதிரி! உல்ஃப் என்ற வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடி இனம்) பிரபு தன் நிலங்களைத் தேவாலயத்துக்கு எழுதி வைக்கவில்லை, இந்தக் கொம்பில் மதுவை ஊற்றிக் குடித்துவிட்டு பலிபீடத்தில் வைத்தார், கொடுத்ததற்கு அதுவே சாட்சி என்று யார்க்கில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் கொம்பு காணாமல் போய், ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தார் கைக்கு வந்து, பிறகு தேவாலயத்துக்கே திரும்பியது. இப்போது அதிலிருக்கும் வெள்ளிப் பூண்கள் 1675இல் போட்டவை.

மாடிப்படி:
அப்போ வைக்கிங்குகள் செதுக்கியதா?

உளிச்சத்தம்:
இல்லை, தெற்கு இத்தாலி வேலை, சலேர்னோ அல்லது அமால்ஃபி பக்கம் என்றுதான் ஆய்வாளர்களில் பலர் சொல்கிறார்கள். அமால்ஃபி வணிகர்கள் எகிப்து வரை போய் வந்தவர்கள், ஆப்பிரிக்கத் தந்தம் அந்த வழியில் வந்திருக்கும். கிரிஃபின் அந்தக் காலத்தில் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) பட்டிலும் இஸ்லாமிய நாட்டுப் பட்டிலும் சர்வசாதாரணம், ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பாம்ப்லோனா அருங்காட்சியகத்தில் 1004-05இல் ஸ்பெயினின் முஸ்லிம் அரசில் செய்த தந்தப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஆட்சியில் இருந்த அப்துல் மாலிக்குக்காகச் செய்தது, செதுக்கியவர்கள் தங்கள் பெயரையே அதில் பொறித்திருக்கிறார்கள். அதிலேயே பின்னாளில் லெய்ரே மடத்தில் கிறிஸ்தவப் புனிதர்களின் எலும்புகளை வைத்தார்கள், அரபு எழுத்து யாரையும் உறுத்தவில்லை போல.

பழையபத்திரம்:
இதே வகைக் கொம்புகள் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டிலும் இருக்கின்றன. மெட் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ரோமக்கோடு வரை தெரியும்.