லங்காவி அயர்ன்மேனுக்குப் போனவங்க இருக்கீங்களா?

வணக்கம். சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். தம்பி லங்காவி தீவுல நடக்குற அயர்ன்மேன் போட்டியில கலந்துக்கிறான். ஒரே நாள்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். பயிற்சி அவன் பாடு, பயண ஏற்பாடு என் பாடு. அம்மாவும் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.

கோலா பெர்லிஸ்ல கார் ஏத்துற ரோரோ பெர்ரி இருக்கே, அதுல போனா சைக்கிளைக் கழட்டாமலே கொண்டு போயிடலாம்னு பார்க்கிறேன். போட்டி வாரத்துல எவ்வளவு முன்னாடி புக் பண்ணணும்? காரை படகுத்துறையிலயே விட்டுட்டு சாதாரண பெர்ரியில போனா சைக்கிளை ஏத்த விடுவாங்களா?

தங்குறது பந்தாய் செனாங் கடற்கரைப் பக்கமா, குவா டவுன் பக்கமா? செனாங்ல ராத்திரி சத்தம் ஜாஸ்தி, இருட்டோட எழுந்திருக்கிறவனுக்கு அது சரிப்படாது. அடுப்பு உள்ள ஹோம்ஸ்டே தெரிஞ்சா சொல்லுங்க. போட்டிக்கு முதல் நாள் அம்மா கையால சோறுதான் வேணுமாம் தொரைக்கு.