புகை நின்றால் கடல் ஆறிவிடுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்

ரோஸ்ஹில் அம்மா: வணக்கம். மகள் பள்ளியில் மொரிஷியஸ் கடலைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். "உலகம் கரியமில வாயு விடுவதை நிறுத்தினால் கடல் குளிர்ந்துவிடும், புளூ பே பவளம் பிழைத்துவிடும்" என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒரு கட்டுரையில், நிறுத்தினால் வெப்பநிலை மேலே ஏறாது என்று படித்தேன். இன்னொன்றில், கடல் பல நூற்றாண்டுகள் சூடாகிக்கொண்டே இருக்குமாம். எது சரி?

காத்ர்போர்ன் அண்ணன்: இரண்டாவதுதான். நம் கான்கிரீட் கூரையைப் பாருங்கள். டிசம்பர் கோடை வெயில் இறங்கியும் ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் அனல் அடிக்கிறதே? கடலும் அப்படிச் சூட்டைத் திருப்பிக் கக்கும்.

ஆழ்கடல்: அண்ணா, கூரை இங்கே பொருந்தாது. கடல் கக்காது, இன்னும் உள்ளேதான் இழுக்கும். பூமியில் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அதில் பெரும்பங்கு மேலடுக்குகளில்தான். ஆழத்து நீர் இன்னும் குளிர்ச்சி, அது ஒரு சுற்று வர ஆயிரம் ஆண்டுகூட ஆகலாம். அதனால் சூடு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், நீர் விரியும், கடல்மட்டம் உயரும். இரண்டாவது கட்டுரை சொல்வது இந்த மொத்த வெப்பத்தை.

அக்கா, முதல் கட்டுரையும் சரிதான், அது மேற்பரப்பைச் சொல்கிறது. உமிழ்வு அடியோடு நின்றால் கடலும் காடும் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து உறிஞ்சும், அதன் அளவு குறையும். கடல் வெப்பத்தை இழுக்கும் வேகமும் கூடவே தளரும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் மேற்பரப்பு அதே சூட்டில் நிற்கும்.

ரோஸ்ஹில் அம்மா: அப்போ குறைத்தால் போதாதா?

ஆழ்கடல்: போதாது. 2020 ஊரடங்கில் உமிழ்வு 5 சதவீதம் போலக் குறைந்தது. காற்றிலுள்ள அளவு அந்த ஆண்டும் ஏறத்தான் செய்தது.

காத்ர்போர்ன் அண்ணன்: சரி, கூரையை விட்டுவிடுகிறேன். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையைச் சொல்லலாமா? நமக்குப் பகல் ரொம்பக் குறுகுவது ஜூனில், தண்ணீர் ரொம்பக் குளிர்வது ஆகஸ்ட், செப்டம்பரில்.

ஆழ்கடல்: அருமை, பிள்ளைகளுக்கு உடனே புரியும். மேல்தண்ணீருக்கே இரண்டு மாதத் தாமதம், ஆழத்துக்கு நூற்றாண்டுகள் என்று சேர்த்துக்கொள்ளட்டும்.

ரோஸ்ஹில் அம்மா: "குளிர்ந்துவிடும்" என்பதை அடித்து "மேலும் சூடேறாது" என்று மாற்றிவிட்டேன். பவளம்?

ஆழ்கடல்: சூடு எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரி கூடி நின்றாலும் உலகப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போய்விடும், 2 டிகிரி என்றால் 99க்கும் மேல் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இல் சொன்னது. "பிழைத்துவிடும்" என்பதையும் அடித்துவிடுங்கள் அக்கா. "கொஞ்சமாவது மிஞ்சும்" என்று எழுதலாம், சீக்கிரம் நிறுத்தினால்.