பாஸ்வேர்டு மாறிவிட்டது என்கிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது: அப்பாவின் உணவு ஆர்டர் கணக்கு

கேள்வி: கல்மண்டபம்

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பா தனியாக இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடுப்பின் முன்னால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. மதியச் சாப்பாடு ஓர் உணவு ஆர்டர் ஆப் வழியாகத்தான் வருகிறது. இவ்வளவு நாளும் ஒரு பழைய டேப்லெட்டில்தான் ஆர்டர் செய்துவந்தார். அதில் இப்போது சார்ஜ் நிற்பதே இல்லை. சரி, இனி போனிலேயே செய்யட்டும் என்று முடிவெடுத்தோம். போனில் அந்த ஆப் முன்பே இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் போன் வாங்கியபோது கடையில் இருந்தவரே போட்டுக் கொடுத்தாராம்.

ஆப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. அப்பாவுக்கு நினைவில்லை. டேப்லெட்டில் அதைக் கேட்டதே இல்லை என்பதால் நினைவில் வைக்கவும் தேவை இருக்கவில்லை. நான் வேறு ஊரில் இருக்கிறேன். அவருடைய மெயிலை அவர் சம்மதத்தோடு என் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் போனில் “பாஸ்வேர்டு மறந்துவிட்டதா” என்பதை அழுத்தினார். மெயில் முகவரி அந்தக் கட்டத்தில் தானாகவே வந்து நின்றது. “இந்த மின்னஞ்சலில் கணக்கு இருந்தால் லிங்க் அனுப்பியிருக்கிறோம்” என்று செய்தி காட்டியது. இரண்டு நிமிடத்தில் மெயிலும் வந்துவிட்டது. என் கணினியில் லிங்கைத் திறந்து புதிய பாஸ்வேர்டு கொடுத்தேன். “வெற்றிகரமாக மாற்றப்பட்டது” என்றது. அப்புறம் போனில் மெயில் முகவரியும் புதிய பாஸ்வேர்டும் அப்பாவே தட்டினார். “மின்னஞ்சல் அல்லது கடவுச்சொல் தவறு.” அவர் தட்டியதில் பிழையோ என்று என் கணினியில் நானும் முயன்றேன். அதே பதில்.

ஐந்து முறை இப்படியே செய்தோம், ஐந்து புதிய பாஸ்வேர்டுகளோடு. அவருக்கு எளிதாக நினைவிருக்கட்டும் என்று ஒரு முறை தமிழிலேயே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மாற்றம் வெற்றி, லாகின் தோல்வி. ஆறாவது முறை “அதிக முயற்சிகள், சிறிது நேரம் கழித்து வாருங்கள்” என்று நிறுத்திவிட்டது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டோம், பயனில்லை. ஸ்பேம் பார்க்கச் சொல்லாதீர்கள், மெயில் எல்லாமே இன்பாக்ஸுக்குத்தான் வருகிறது.

புதுக் கணக்கு தொடங்கிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பழைய கணக்கில் டெலிவரி கொண்டுவருபவருக்கு அப்பா எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது: “மணி அடித்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள், மெதுவாகத்தான் வர முடியும்.” உப்புக் குறைத்துத் தரும் கடைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேமித்து வைத்திருக்கிறார். அவர் கார்டும் அதில் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வேறு யாராவது உள்ளே புகுந்திருப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில் 1: ஈரமணல்

நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

ஒன்று, லிங்க். பொதுவாக ஒரு ரீசெட் லிங்க் ஒரு முறைதான் வேலை செய்யும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள். புதிதாக இன்னொன்று கேட்டால் பழையது பல இடங்களில் செல்லாததாகிவிடும். ஐந்து மெயில்கள் ஒரே உரையாடலாக அடுக்கி நிற்கும்போது தவறிப்போய் பழையதைத் திறப்பது எளிது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்து, ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பாஸ்வேர்டு தானாக நிரம்புவது. போன் பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால், நாம் தட்டிய பிறகும் அதையே கொண்டுவந்து வைத்துவிடும். கண் சின்னத்தை அழுத்தி, எழுத்துகளைக் கண்ணால் பார்த்துவிட்டு லாகின் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டினால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கல்மண்டபம்

நன்றி ஈரமணல். கண் சின்னத்தை அழுத்தி, கேமராவை அருகில் கொண்டுவரச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. என் கணினியில் அவருடைய எதுவும் சேமிப்பில் இல்லை, அங்கேயும் அதே பதில்தான். பழைய லிங்கைத் திறந்தால் “காலாவதியாகிவிட்டது” என்று தெளிவாகவே சொல்கிறது, சோதித்துப் பார்த்தேன். ஆகவே லிங்கும் சரி, பாஸ்வேர்டும் சரி. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

பதில் 2: திண்ணைவிளக்கு

கல்மண்டபம், இனி ஒரு முறைகூட ரீசெட் கேட்காதீர்கள். முதலில் அந்த டேப்லெட்டை மின்சாரத்தில் செருகியபடியே ஆன் செய்யச் சொல்லுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ரீசெட் கேட்டபோது முகவரி “தானாகவே வந்து நின்றது” என்கிறீர்கள். லாகினில் அப்பாவும் நீங்களும் அதைக் கையால் தட்டியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே முகவரிதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டீர்களா?

அப்பாவுடையது ஜிமெயில் என்றால் இது முக்கியம். ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காது. பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெயில் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் மற்ற நிறுவனங்களின் கணினிகளுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பல ஆப்களுக்குப் புள்ளி உள்ளது ஓர் ஆள், புள்ளி இல்லாதது வேறோர் ஆள். என் ஊகம் இதுதான்: போன் வாங்கிய கடையில் ஆப்பைப் போட்டவர் முகவரியைப் புள்ளியோடு தட்டி, தெரியாமல் ஒரு புதுக் கணக்கைத் தொடங்கிவிட்டார். போன் அந்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டது. நீங்கள் ஐந்து முறையும் மாற்றியது அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை. ஐந்து முறையும் கதவைத் தட்டியது இன்னொரு கணக்கில். இரண்டு கணக்கின் மெயிலும் ஒரே இன்பாக்ஸில் விழுவதால் வித்தியாசம் கண்ணில் படவே இல்லை.

இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்யலாம். ரீசெட் மெயிலைக் கணினியில் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள். யாருக்கு அனுப்பப்பட்டது என்ற வரியில் முகவரி முழுதாகத் தெரியும். அங்கே புள்ளி இருக்கிறதா பாருங்கள்.

“கணக்கு இருந்தால் லிங்க் அனுப்பியிருக்கிறோம்” என்ற மழுப்பலான செய்தி எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்கு நல்ல காரணம் உண்டு. “இந்த முகவரியில் கணக்கு இல்லை” என்று நேரடியாகச் சொன்னால், யார் யாருக்கு அங்கே கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் முகவரிகளை வரிசையாகப் போட்டுச் சோதித்துவிடுவார்கள். அதனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். லாகினில் எது தவறு என்று பிரித்துச் சொல்லாததும் இதற்காகத்தான். உங்களுக்கு மெயில் வந்தே விட்டது. ஆகவே ரீசெட் கேட்ட முகவரியில் ஒரு கணக்கு இருப்பது நிச்சயம். அது எந்தக் கணக்கு என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது டேப்லெட். அப்பா அதில் இன்னும் உள்நுழைந்த நிலையில் இருந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாவி. பாஸ்வேர்டை மாற்றியதும் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிடும் ஆப்கள் நிறைய உண்டு. பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் சரியான கணக்கை ரீசெட் செய்த அந்த நொடியே டேப்லெட்டும் வெளியே வந்துவிடலாம். அதற்கு முன் டேப்லெட்டில் கணக்கு விவரத்தைத் திறந்து, எந்த மெயில், எந்தப் போன் எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். புதுக் கருவியில் லாகின் செய்யும்போது ஓடிபி கேட்டால் அது அந்த எண்ணுக்குப் போய்விடலாம். விட்டுவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டைத் தமிழில் வைக்க வேண்டாம். எனக்கும் அதில் ஆசை உண்டு, ஆனால் இடறும். “கொ” என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் அதை ககரத்தோடு ஒரே ஒரு உயிர்க்குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போன் கீபோர்டு ஒரு வகையிலும் கணினி இன்னொரு வகையிலும் அனுப்பினால், அதைச் சமன் செய்யாத ஆப்புக்கு இரண்டும் வெவ்வேறு பாஸ்வேர்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள். நீளமாகவும் இருக்கும், அப்பாவுக்கு நினைவிலும் நிற்கும்.

பதில் 3: ஏழாம்படி

திண்ணைவிளக்கு சொல்வதுதான் சரியென்று எனக்கும் படுகிறது. புள்ளி இல்லாவிட்டால் இன்னொரு சாத்தியத்தையும் பாருங்கள். முதன்முதலில் “கூகுள் மூலம் தொடர்க” என்பது போன்ற பொத்தானை அழுத்திச் சேர்ந்திருந்தால் அந்தக் கணக்குக்கு பாஸ்வேர்டே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் போதும். ஆப்பிள் வழியாக, முகவரியை மறைத்துச் சேர்ந்தவர்களுக்குக் கணக்கில் பதிவாகியிருப்பதே ஆப்பிள் உருவாக்கிக் கொடுத்த வேறொரு முகவரி. சொந்த மெயிலை எத்தனை முறை தட்டினாலும் பொருந்தாது.

எதுவுமே சரிவரவில்லை என்றால் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாகவே எழுதுங்கள். தயவுசெய்து இணையத்தில் “வாடிக்கையாளர் சேவை எண்” என்று தேடி, வருகிற எண்ணுக்கு அப்பாவை அழைக்க விடாதீர்கள். தேடலில் மேலே நிற்பவற்றில் போலி எண்களும் இருக்கும். என் பெரியம்மாவுக்கு இது நேர்ந்தது. பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசி, ஓர் ஆப்பைப் போட வைத்து, அவர் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஓடிபியைச் சொல்லவே இல்லை, அவர்கள் திரையிலேயே படித்துக்கொண்டார்கள். ஆப்பின் உதவிப் பகுதியில் அடையாளத்துக்கு என்று கேட்டால் கடைசியாக எந்தக் கடையில் ஆர்டர் செய்தார், கார்டின் கடைசி நான்கு இலக்கம் என்பது வரை சொல்லலாம். கார்டின் முழு எண், பின், ஓடிபி ஆகியவற்றை யார் கேட்டாலும் போனை வைத்துவிட வேண்டும்.

கல்மண்டபம்

திண்ணைவிளக்கு, புள்ளிதான். ஐந்து மெயில்களிலும் இனிஷியலுக்கு முன்னால் அது உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக அந்த மெயில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வரியை விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நீங்கள் சொன்னபடியே முதலில் டேப்லெட். சார்ஜர் செருகி இருபது நிமிடம் கழித்துத்தான் உயிர் வந்தது. அப்பா அதில் இன்னும் உள்ளேயே இருந்தார். கணக்கு விவரத்தில் புள்ளி இல்லாத முகவரியும், அவர் விட்டு இரண்டு வருடமான பழைய போன் எண்ணும் இருந்தன. அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ. எண்ணை மாற்றியதும் புதிய எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி வந்தது. அப்பா படித்தார், டேப்லெட்டில் அவரே தட்டினார்.

அதன்பிறகு ரீசெட். இந்த முறை போன் கொண்டுவந்து வைத்த முகவரியை அழித்துவிட்டு, புள்ளி இல்லாமல் கையால் தட்டச் சொன்னேன். மெயில் வந்ததும் முதலில் யாருக்கு என்ற வரியைப் பார்த்தேன், பிறகுதான் லிங்க். பாஸ்வேர்டை மாற்றியதும் டேப்லெட் வெளியேறிவிட்டது, நீங்கள் எச்சரித்தபடியே. வரிசை மாறியிருந்தால் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போயிருக்கலாம். போனில் லாகின் முதல் முயற்சியிலேயே திறந்தது. குறிப்பு, கடைகள், கார்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆர்டர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தேன். எல்லாமே அப்பா செய்தவைதான், வேறு யாரும் வரவில்லை.

புள்ளி உள்ள கணக்கிலும் நுழைந்து பார்த்தேன். ஒரு ஆர்டர்கூட இல்லாத வெறும் கணக்கு. கணக்கை நீக்கும்படி ஆப்பிலேயே கோரிக்கை கொடுத்துவிட்டேன். போனின் தானியங்கி நிரப்பலிலிருந்தும் அந்த முகவரியை எடுத்தாயிற்று.

ஈரமணல், ஏழாம்படி, உங்களுக்கும் நன்றி. பெரியம்மாவுக்கு நேர்ந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டேப்லெட் வேலை செய்யாத முதல் நாளே அப்படி ஓர் எண்ணைத் தேடித் தாளில் எழுதி வைத்திருந்தாராம். என் அழைப்பு வந்ததால் அதற்குப் பேசவில்லை. கேமரா முன்னாலேயே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அப்புறம் போனை எடுத்து, சாப்பாட்டை அவரே ஆர்டர் செய்தார்.