மேல ஊருணி வளவுக் குழு (குடும்ப வாட்ஸ்அப்)

மெய்யப்பன்: எல்லோருக்கும் வணக்கம். தையில் தாம்பரத்தில் மூன்றாவது பலகாரக் கடை திறக்கிறோம். அதையொட்டி ஊருக்கு ஏதாவது செய்ய 2 லட்சம் எடுத்து வைத்திருக்கிறேன். ஊருணிக் கரையில் ஐயா பேரில் ஒரு அலங்கார வளைவு கட்டலாமா?

வள்ளியப்பன் (சிங்கப்பூர்): அருமை அருமை

உமையாள் ஆச்சி: வளைவா

தேனப்பன்: ஊருணியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வளைவுக்குள் நுழைந்து மாடு மேயவா

சொக்கலிங்கம் பெரியப்பா: மெய்யப்பா, ஊரை நினைத்தாயே, சந்தோஷம். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதற்கு மகமை என்று பேர். பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கியில், அதாவது வியாபாரக் கிடங்கில், பெட்டி போட்டு உட்கார்ந்த காலத்தில், மிஞ்சினால் கொடுப்போம் என்று வைக்கவில்லை. கணக்கில் சாமி பேரில் தனிப் பற்றுவரவு எழுதி, வியாபாரம் நடக்க நடக்க அதில் சேர்த்தார்கள். கோயில், பாடசாலை, ஊருணி, காசிச் சத்திரம் எல்லாம் அப்படி எழுந்தவை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த 15 லட்சத்தின் மதிப்பை இன்றைய கணக்கில்

தேனப்பன்: பெரியப்பா, 'மேலும் படிக்க' என்று வருகிறது

சிகப்பி: சட்டப்படி மெய்யப்பனுக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை. 2013 கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. வருஷ லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஒன்றைத் தொட்டால்தான் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நம்ம ஆளுக்கு இன்னும் நாள் இருக்கிறது

மெய்யப்பன்: ஆடிட்டர் குத்துகிறாள்

வள்ளியப்பன் (சிங்கப்பூர்): போன தடவை வந்த டின்னில் மனகோலம் இல்லை. தேன்குழல் மட்டும்தான்

உமையாள் ஆச்சி: மனகோலம் போடுகிறவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மெய்யப்பனைக் கேள்

மெய்யப்பன்: ஆச்சி...

உமையாள் ஆச்சி: ஆவணியில் சுற்றிக் கொடுத்த முறுக்குக்குத் தீபாவளி கழித்துக் காசு வந்தது. இன்னும் பாதி வரவில்லை. பன்னிரண்டு பேர். ஒருத்தி தோட்டை அடகு வைத்தாள். உன் வளைவு வழியாகத்தான் அவர்கள் தினம் போய் வர வேண்டும்

வள்ளியப்பன் (சிங்கப்பூர்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மெய்யப்பன்: சூப்பர் மார்க்கெட்காரர்கள் எனக்கே 90 நாள் கழித்துத்தான் தருகிறார்கள் ஆச்சி. அதில் தள்ளிப் போனது. தப்புதான்

சிகப்பி: அவர்கள் சிறுதொழில் பதிவு வைத்திருந்தால் 45 நாளைத் தாண்டவே கூடாது. தாண்டினால், காசு கொடுக்கும் வரை அந்தச் செலவை உன் வருமானத்தில் கழிக்கவும் முடியாது. ஆச்சி, உத்யம் என்கிற அந்தப் பதிவு இருக்கிறதா?

உமையாள் ஆச்சி: அவர்களிடம் அடுப்பு இருக்கிறது

சிகப்பி: ஞாயிறு வந்து பதிந்து தருகிறேன். கட்டணம் கிடையாது. ஆதார், பான் அட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்

சொக்கலிங்கம் பெரியப்பா: ஊருணிக்கு வருவோம். பொக்லைனை இறக்கி நாமே தோண்டிவிட முடியாது. அதிகாரிகளிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அப்படியே தூர் வாரினாலும் தண்ணீர் வர வழி வேண்டுமே. கூரையில் பெய்த மழை வளவு முற்றத்தில் விழுந்து, தெருக்கால்வாயில் ஓடி ஊருணிக்குப் போகிற மாதிரிதான் நம் வீடுகளைக் கட்டினார்கள். அந்த வரத்துக்கால் மேலத்தெரு முனையில் அடைபட்டுக் கிடக்கிறது. எதனால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேனப்பன்: சொல்லுங்கள். சுவர் எங்களுடையதுதான். அப்பச்சி கட்டியது

சொக்கலிங்கம் பெரியப்பா: நான் சுவர் என்று சொல்லவே இல்லை.

உமையாள் ஆச்சி: ஆரம்பித்தாச்சு

தேனப்பன்: அடியில் குழாய் போட இடம் விடுகிறேன் என்று பாகப்பிரிவினை அன்றைக்கே சொன்னேன். செலவு யார் என்பதில் நின்றது

மெய்யப்பன்: குழாய் என் செலவு அண்ணே

தேனப்பன்: குழாயில் கடை பேர் போடுவாயா

சிகப்பி: மண்ணுக்குள் யார் படிப்பது

உமையாள் ஆச்சி: போடுவான். கரண்டிக் காம்பில் பேர் வெட்டின குடும்பம்

மெய்யப்பன்: சரி, வளைவு வேண்டாம். வெள்ளிக்குள் முறுக்குக் கணக்கை முடிக்கிறேன். அப்புறம் குழாய். அனுமதி வேலையை யார் பார்ப்பது?

சொக்கலிங்கம் பெரியப்பா: விண்ணப்பம் நான் எழுதுகிறேன்.

சிகப்பி: ஒரே பக்கம் பெரியப்பா

தேனப்பன்: ஞாயிறு வாருங்கள். அளந்து பார்த்துத்தான் சொல்வேன். சுவரை இடிக்கிற பேச்சே கூடாது

வள்ளியப்பன் (சிங்கப்பூர்): அப்போ மனகோலம்?