கார் சக்கரத்துக்கு மேல் இடைவெளி அதிகம்: லோயரிங் ஸ்பிரிங்கா, டயரா? அவசரம்

தென்னந்தோப்பு: வணக்கம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை முழுதாக நுழைகிறது, பார்க்கவே பிடிக்கவில்லை. வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போடுவதா, அகலமான டயர் போடுவதா? பட்டறைக்காரர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்தால் போதும் என்கிறார். சனிக்கிழமை கோவை போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

வாளையாறு டீசல்: என்ன வண்டி? எந்த வருடம்? டயரில் எழுதியிருக்கும் அளவு என்ன? இடைவெளி முன்னாலா, பின்னாலா, நான்கிலுமா?

கரட்டுமேடு: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். 16 அங்குல அலாய் சக்கரம் போடுங்கள், இடைவெளி போய்விடும். நான் போட்டிருக்கிறேன்.

பழைய பட்டறை: மாதாமாதம் இதே கேள்வி. வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்தியம் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல ஆள் வருகிறார்கள். கரட்டுமேடு, ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் சிறுக்கும், மொத்த உயரம் அப்படியே இருக்கும். டயர் எண்ணில் முதலாவது அகலம் மி.மீ.-இல், அடுத்தது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி ரிம் அங்குலத்தில். 165/80 ஆர்14 சுமார் 620 மி.மீ., 185/65 ஆர்15 சுமார் 621, 195/55 ஆர்16 அதுவும் 621. எங்கே குறைந்தது இடைவெளி? பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரட்டுமேடு: கண்ணுக்கு நிறைவாகத் தெரிகிறது. அவர் கேட்பதும் அதைத்தானே? மரியாதையாகவும் சொல்லலாம் ஐயா.

தென்னந்தோப்பு: ஸ்விஃப்ட். இரண்டாம் கை வண்டி, போன மாதம் வாங்கினேன். டயர் 185/65 ஆர்15.

வாளையாறு டீசல்: நன்றி. இதில் 195/65 போட்டால் விட்டம் 13 மி.மீ. கூடும். மட்கார்டு இடைவெளி அதில் பாதி, ஆறரை மி.மீ. குறையும், வண்டியும் அதே அளவு உயரும். மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 102-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த ஆறரை மில்லிக்காக நான்கு டயர் வாங்க வேண்டாம். சுருள் அறுப்பது அதைவிட மோசம். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருக்கும், ஸ்பிரிங் மட்டும் குட்டையாகிவிடும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தான் உட்காரும் தட்டை விட்டு விலகலாம். யார் சொன்னாலும் அறுக்க விடாதீர்கள்.

மீனாட்சிபுரம் ராசு: முறையான லோயரிங் ஸ்பிரிங் போட்டால் 30 மி.மீ. இறங்கும். ஆனால் 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கே தரை இடைவெளி 163 தான். ஐந்து பேர் ஏறினால் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். கேரளப் பதிவு என்றால் மோட்டார் வாகனத் துறையும் விடாது.

கரட்டுமேடு: தமிழ்நாட்டுப் பதிவென்றால் யாரும் கேட்பதில்லை.

மீனாட்சிபுரம் ராசு: பிடிப்பதும் விடுவதும் வேறு அண்ணா. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான்.

கரட்டுமேடு: அப்படியென்றால் அலாய் போட்டவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா?

பழைய பட்டறை: அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் அளவைப் போடுவதும், மனம்போனபடி போடுவதும் ஒன்றல்ல. இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தூர் ரேவதி: சட்டத்தைப் பிறகு பேசுங்கள். தம்பி, முன்னாலா பின்னாலா என்று கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கிலும் அளந்து பாருங்கள். அப்படி அளந்தால் டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது. பிறகு பின்சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே கருப்பாகவோ, நிறமில்லாத கண்ணாடி போன்றோ ரப்பர் வளையம் செருகியிருக்கிறதா? நம் பக்கம் தேங்காய் மூட்டை ஏற்றும் கார்களில் பின்புறம் அமுங்காமல் இருக்க இதைப் போட்டு விடுவார்கள். விற்கும்போது சொல்லமாட்டார்கள். சுமை இல்லாதபோது வண்டி பின்னால் தூக்கி நிற்கும், சின்னப் பள்ளத்துக்கே உதறும்.

வாளையாறு டீசல்: இது எனக்குத் தோன்றவே இல்லை. சரியான இடத்தைப் பிடித்தீர்கள் அக்கா.

பழைய பட்டறை: புகைப்படம் இல்லாமல் ஊகம். ஸ்பிரிங்கே மாற்றியிருக்கலாம்.

தென்னந்தோப்பு: பின்னால் இரண்டிலும் ரப்பர் இருந்தது. கழற்றியாயிற்று. முன்னும் பின்னும் இப்போது ஏறக்குறைய ஒன்றாக நிற்கிறது, உதறலும் இல்லை. ஸ்பிரிங் வாங்கவில்லை. நன்றி அக்கா.

சித்தூர் ரேவதி: நல்லது. இன்னொன்று: பின்புறம் இறங்கினால் முகப்பு விளக்கின் ஒளி மேலே போகும். ரப்பர் போட்டிருந்தபோது யாராவது விளக்கை அதற்கேற்பத் திருகியிருந்தால் எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். இரவில் கோவை சாலையில் போவதற்கு முன் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிபார்த்துவிடுங்கள்.

கரட்டுமேடு: என் வண்டியிலும் பின்னால் உதறல் இருக்கிறது. அந்த ரப்பரைக் கழற்ற ஜாக்கி போதுமா, ஸ்பிரிங்கை இறக்க வேண்டுமா?