மறு: மறு: குச்சி உருவங்களில் 'ரிஜிட்' – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை வகுப்பில் டூத்பிக்கும் பட்டாணியும் வைத்து உருவங்கள் செய்கிறோம்; அதற்காக 'ரிஜிட்' (rigid) என்பதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் கேட்டேன். வந்த மடல்களில் பாதி டூத்பிக்குக்குப் பெயர் வைப்பதிலேயே போய்விட்டது. எங்கள் ஊரில் 'பல்குச்சி' என்றால் வேப்பங்குச்சி. அதனால் வெறும் 'குச்சி' போதும் என்று அந்தப் பஞ்சாயத்தை நான் முடித்துக்கொள்கிறேன்.

சொல் வேண்டியது இதற்கு. ஊறவைத்த பட்டாணியை மூட்டாக வைத்து மூன்று குச்சிகளைச் செருகினால் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் உரு மாறாது. குச்சி ஒடியும், இல்லை பட்டாணி பிளக்கும். நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்சதுரமாகிவிடும். ஒரு குச்சியும் வளையவில்லை, நீளமும் மாறவில்லை. ஆனாலும் சதுரம் போய்விட்டது. முக்கோணத்துக்கு இருந்து சதுரத்துக்கு இல்லாமல்போன அந்தக் குணத்துக்குப் பெயர் என்ன?

> 'விறைப்பு' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'விறைப்புக் குணகம்' உண்டுதான். ஆனால் அது பொருளின் குணம். இரும்பா ரப்பரா என்ற கேள்விக்குப் பதில். இங்கே எல்லாக் குச்சியும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை, எல்லாமே விறைப்புதான். வேறுபாடு கோத்த விதத்தில் இருக்கிறது.

> ரிஜிட் பாடியைத் திண்மப்பொருள் என்கிறோம். 'திண்மை' என்றே வைக்கலாம்.

ஐயா, எனக்குப் பயமே இதில்தான். வடிவியலில் கனசதுரமும் கூம்பும் ஏற்கெனவே 'திண்மங்கள்'. 12 குச்சியில் கனசதுரம் கட்டி மேசைமேல் வைத்தால் பட்டாணி காய்வதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துவிடுகிறது. 'இந்தத் திண்மத்துக்குத் திண்மை இல்லை' என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்ல? மேலே போனால் இன்னும் மோசம். குழிவில்லாத பன்முகியின் (தட்டையான முகங்களால் மூடிய உருவின்) முகங்களைத் தகடுகளாக்கி விளிம்புகளில் கீல் மாட்டினால் அது அசையாது என்று 1813இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி நிறுவினார். குழிவு இருந்தால் அசையக்கூடும் என்று 1977இல் அமெரிக்கக் கணிதர் ராபர்ட் கானலி ஒன்றைச் செய்தே காட்டினார். அதைத் 'திண்மையற்ற பன்முகத் திண்மம்' என்று எழுதினால் படிப்பவர் அடிக்க வருவார்.

என் முன்மொழிவு 'கோணாமை'. கதவுச் சட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் எங்கள் தெரு ஆசாரி 'சட்டம் கோணிப்போச்சு' என்பார். மூலைக்கு மூலை ஒரு கட்டை அடித்துச் சரிசெய்வார். அவர் அடித்தது மூலைவிட்டம். அவர் கண்ணால் அளந்ததை 1864இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் எண்ணிக்கையாக எழுதினார்: தளத்தில் n மூட்டுகள் இருந்தால் கோணாமலிருக்கப் பொதுவாகக் குறைந்தது 2n−3 குச்சி வேண்டும், முப்பரிமாண வெளியில் 3n−6. சதுரத்துக்கு 5 வேண்டும், இருப்பது 4. கனசதுரத்துக்கு 18 வேண்டும், இருப்பது 12. குறைகிற ஆறும் முகத்துக்கு ஒரு மூலைவிட்டம். (குச்சி 6.5 செ.மீ. என்றால் மூலைவிட்டம் சுமார் 9.2 செ.மீ. டப்பாவில் அந்த நீளம் கிடையாது. விளக்குமாற்று ஈர்க்கை நறுக்கிக்கொள்கிறேன்.) '6 குச்சியில் 4 சமபக்க முக்கோணம் செய்' என்ற பழைய புதிருக்கு விடை நான்முகி, அதற்கு 3×4−6, மிகச் சரியாக ஆறு.

முக்கோணங்களால் ஆன குவிமாடங்களுக்குப் பேர்போன அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், 1899இல் மழலையர் பள்ளியில் குச்சியும் பட்டாணியும் வைத்து முக்கோணங்களாகக் கோத்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கண் சரியாகத் தெரியாத பிள்ளை; எது நிற்கிறது என்பதைக் கைதான் சொல்லியிருக்கிறது. கைக்குத் தெரிகிற இந்தக் குணத்துக்குக் கைவேலைக்காரர் சொல்லே பொருந்தும் என்பது என் கட்சி. கோணாமை, கோணா உரு, கோணும் உரு, கோணும் பன்முகி என்று குடும்பமும் தானாக வருகிறது.

> கோணம் வேறு, கோணுதல் வேறு. பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

அக்கா, குழம்பட்டுமே. மூட்டில் கோணம் மாறுவதால்தானே சட்டம் கோணுகிறது? 'முக்கோணம் கோணாது, நாற்கோணம் கோணும்' என்று ஒருமுறை சொன்னால் மறக்காது. 'கோணல் மரம்' என்று வளைந்த மரத்தையும் சொல்கிறோமே என்று நீங்கள் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

> 'ஆடாமை' எளிது. பிள்ளைகள் 'ஆடுது' என்றுதானே சொல்வார்கள்?

சொல்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பில் காதால் கேட்டேன். ஆனால் ஒரு கால் குட்டையான மேசையும் ஆடுகிறது. அதன் உரு துளியும் மாறுவதில்லை.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. மேசைமேல் சதுரத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் போட்டால் 6 குச்சி, தேவை 5தான். எந்த ஒன்றை உருவினாலும் கோணாது. இதற்கு 'மிகைக்கட்டு' என்று குறித்துவைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. யாராவது ஆசாரியிடம் கேட்டுச் சொன்னால் நல்லது.