ஹைசேரில் உட்கார வைத்தால் பாப்பா சறுக்குகிறாள், எந்த நாற்காலி வாங்குவது?

ஈரோடு அம்மா

என் மகளுக்கு 16 மாதம். 31 வாரத்தில் பிறந்தவள். பெருமூளை வாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதுகும் வயிறும் தளர்ச்சி, கால்கள் இறுக்கம். பிடித்துக்கொண்டால் கழுத்து நிற்கும், தனியாக உட்கார மாட்டாள். இதுவரை மடியில் வைத்தே ஊட்டினேன். கனம் கூடிவிட்டதால் 4,000 ரூபாய்க்கு ஒரு ஹைசேர் வாங்கினோம்.

இரண்டு வாய் ஊட்டுவதற்குள் இடுப்பு முன்னால் சறுக்கிவிடுகிறது. கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது, தலை பின்னால் போகிறது, பெல்ட் அக்குளில் வந்து நிற்கிறது. முதுகுப் பலகையைச் சாய்த்து வைத்தால் விழுவதில்லை, ஆனால் அப்போதுதான் இருமல் அதிகம். நேற்று ராகிக்கூழ் கொடுக்கும்போது இருமி இருமிக் கண்ணெல்லாம் நீர். பயந்து நிறுத்திவிட்டேன்.

தலைக்கு இரண்டு பக்கமும் தாங்கல் வைத்த நாற்காலி ஒன்றை 25,000 என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா?

மதுரை, ஓ.டி.யாக (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) வேலை செய்கிறேன்

முதலில் இருமல். சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். விழுங்குவதைச் சோதிப்பவர்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள்தான், அவர்களையும் பாருங்கள். அதுவரை சாய்த்து வைத்து ஊட்ட வேண்டாம். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் வழி திறந்துகொள்ளும், உணவு அந்தப் பக்கம் இறங்கலாம். முகவாய் லேசாகக் கீழே இருக்க வேண்டும்.

இப்போது நாற்காலி. எல்லோரும் தலைத் தாங்கலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் இடுப்பையும் பாதத்தையும் பாருங்கள். உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்தால் நாமே சற்று நேரத்தில் சறுக்குவோம். உங்கள் மகளுக்கும் அதுதான் நடக்கிறது. இடுப்பு பின்னால் ஒட்டி, முட்டி மடங்கி, பாதம் முழுதாகப் பலகையில் பதிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பெல்ட் வயிற்றில் வரக்கூடாது. தொடையும் வயிறும் மடியும் இடத்தில், கீழ்நோக்கிப் பின்னால் இழுப்பதுபோல் வர வேண்டும். கால்களுக்கு நடுவே வைக்கும் கட்டை முட்டிகளை விலக்கி வைக்கத்தான், சறுக்காமல் தடுக்க அல்ல. அதனால் அது முட்டிப் பக்கம் இருக்கட்டும், கவட்டில் அழுத்தக்கூடாது. முன்பலகை முழங்கை உயரத்தில் இருந்தால் கையை ஊன்றி மார்பை நிமிர்த்துவாள்.

சாய்க்கத்தான் வேண்டுமென்றால் முதுகை மட்டும் சாய்க்கும் நாற்காலி உதவாது. இருக்கையும் முதுகும் சேர்ந்து ஒரே கோணத்தில் சாய வேண்டும். 25,000 ரூபாய் நாற்காலியில் அது இருக்கிறதா, ஆழத்தையும் பாதப் பலகையையும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். குழந்தையை அரைமணி நேரமாவது உட்கார வைத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

தென்காசி அப்பா

தங்கச்சி, என் பையனுக்கு இப்போது 6 வயது. அவனுக்கு நாங்கள் ஆசாரியிடம் செய்தோம். 12 மி.மீ. பிளைவுட், மேலே ஃபோம், ரெக்சின் உறை. முதல் முறை நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வளர்கிற பிள்ளைதானே என்று இருக்கையை ஆழமாகப் போடச் சொல்லிவிட்டேன். பலகை முட்டிக்குப் பின்னால் இடித்தது. அவன் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தான். அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது, இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. அப்புறம் பயிற்சியாளர் பார்த்து, முதுகுக்குப் பின்னால் கனமான ஃபோம் பலகை ஒன்று சொருகச் சொன்னார். வளர வளர அதை மெலிதாக மாற்றினோம்.

அளவு எடுக்கும்போது சுவரோடு ஒட்டி உட்கார வையுங்கள், ஒருவர் இடுப்பைப் பிடிக்க வேண்டும். சுவரிலிருந்து முட்டி மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் குறைத்தால் இருக்கையின் ஆழம். முட்டி மடிப்பிலிருந்து குதிகால் வரை பாதப் பலகைக்கு. பலகையை ஏற்றி இறக்க மூன்று நான்கு காடி வெட்டச் சொல்லுங்கள்.

கடன் வாங்கும் முன் இன்னொன்று. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான நாற்காலி, சி.பி. சேர் என்பார்கள், அரசு வழியாகவும் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில், கான்பூர் அலிம்கோ நிறுவனம் செய்வதை முகாம்களில் கொடுப்பார்கள். வருமான வரம்பு உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே பதிந்துவிடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், அங்கே ஓ.டி. இருந்தால் அளவு பார்ப்பார். எங்கள் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும், சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டும் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

ஈரோடு அம்மா

அண்ணா, மேடம், இரண்டு பேருக்கும் நன்றி. டாக்டரிடம் காட்டிவிட்டேன், நெஞ்சில் சளி இல்லை. விழுங்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கும் ஹைசேரிலேயே, அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலை விரிப்பை இருக்கையில் போட்டேன். இடுப்புக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தேன். பாதத்துக்குக் கீழே பழைய புத்தகங்களைத் துணியில் கட்டி வைத்தேன். பத்து நிமிடம் சறுக்கவில்லை! ஆனால் ஸ்பூன் வாய்க்கு வரும்போது மட்டும் உடம்பு விறைத்துப் பின்னால் வளைகிறாள். ஏன்?

மதுரை, ஓ.டி.யாக வேலை செய்கிறேன்

நின்றுகொண்டு ஊட்டுகிறீர்களா? ஸ்பூன் மேலிருந்து வந்தால் அண்ணாந்து பார்ப்பாள். தலை பின்னால் போனதும் முழு உடம்பும் விறைக்கும். அவள் கண் மட்டத்துக்கு நீங்கள் உட்கார்ந்து, ஸ்பூனை நேராக, கொஞ்சம் கீழிருந்து கொண்டு வாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்லும் வரை கூழைத் தண்ணீராகக் கரைக்காதீர்கள். அரைமணிக்கு மேல் இழுக்காதீர்கள், களைத்துப் போனால் விழுங்குவதும் கெடும்.

ஈரோடு அம்மா

நின்றுகொண்டுதான் ஊட்டினேன் மேடம். இன்று மதியம் முக்காலி போட்டு உட்கார்ந்து ஊட்டினேன். முதல் நான்கு வாய் விறைக்கவில்லை, அப்புறம் ஒரு தடவைதான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அளவும் எடுத்தாயிற்று. சுவரிலிருந்து முட்டி மடிப்பு 20 செ.மீ., அங்கிருந்து குதிகால் 19. வெள்ளிக்கிழமை மருத்துவமனை ஓ.டி.யிடம் காட்டிவிட்டுத்தான் ஆசாரியிடம் கொடுக்கப் போகிறேன். 25,000 ரூபாய் நாற்காலிக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.